லீசு என்ற சொல்லும் ஓர் ஆணியும்

ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

என்னை வழியனுப்பிய விருந்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மைக்கைக் கையில் வாங்கியதும் கூச்சம் வந்துவிட்டது. "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள், அது உங்கள் நல்ல குணம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதை இப்போது எழுதித் தருகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

இந்த வேலைக்கு நான் வந்ததே ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டுதான். எங்கள் தோட்டம் கைமாறி, தாப்பாவை விட்டு ஈப்போவுக்கு வந்து, குனோங் ராபாட்டில் வாடகைக்கு இருந்த நேரம் அது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்:

"டவுன்ல எஸ்டேட் ஆபீசுல கூட்டிப் பெருக்க ஆள் தேடுறாங்க. போறியா?"

"ஐயோ, மறுபடியும் எஸ்டேட்டா? வேணாங்கா. பால்மரமும் வேணாம், செம்பனையும் வேணாம்."

"அட, அந்த எஸ்டேட் இல்ல லா! வீடு வித்துக் குடுக்குற எஸ்டேட்!"

வீடு விற்பதற்கு எதற்கு எஸ்டேட் என்று பெயர் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முதலில் ஆபீசைக் கூட்டினேன். பிறகு விற்பனைக்கு வந்த காலி வீடுகளைக் கூட்டினேன். கூட்டுகிறவளிடம் சாவி இருக்க வேண்டும், சாவி இருக்கிறவள் வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். இப்படித்தான் நான் 'சாவி அக்கா' ஆனேன். விலை பேசுவது, படிவம் நிரப்புவது எதுவும் என் வேலை இல்லை. கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பேன். கூச்சக்காரிக்கு ஏற்ற வேலை.

நம் முதலாளியம்மாவை உங்களில் பாதிப் பேர் பார்த்ததில்லை. சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் இருவருக்கும் பொதுவாக மலாய். அவர் உடைப்பது ஒரு விதம், நான் உடைப்பது வேறு விதம். வீடு பார்க்க வருகிறவர்களிடம் 'பிடிச்சிருக்கா' என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. போனபிறகு என்னிடம்தான் கேட்பார்: "எங்க ரொம்ப நேரம் நின்னாங்க? என்ன கேட்டாங்க?" நான் சொல்லுவேன். அது என் வேலையில் ஒரு பகுதி என்று எனக்கு அப்போது தெரியாது. சும்மா பேச்சு என்றுதான் நினைத்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால் தேன்மொழி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். திருச்சிக்குப் பக்கத்தில் லால்குடி. பி.காம். படித்தவள். இங்கே சரவணன் என்ற நம்மூர் ஆளைக் கட்டிக்கொண்டு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. சரவணன் சுங்கைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை. வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை ஈப்போவுக்கு வருவார். ஒரு பெண்பிள்ளை, இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் காட்டிய வீடு மூன்றாவது மாடியில். லிப்ட் உண்டு. மூன்று அறை. குசினி சன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சீன வாத்தியார், மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர். விலை குறைவாகத்தான் சொன்னார். நிலம் லீசு என்பதால் அந்த விலை. தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு அரசாங்கம் கொடுத்த நிலத்தில் கட்டியது, அதில் இன்னும் ஐம்பத்தேழு வருடம் பாக்கி.

தேன்மொழி அன்று கைப்பையிலிருந்து ஒரு நாட்காட்டித் தாளை எடுத்து என்னிடம் காட்டினாள். பின்பக்கம் மூன்று கட்டம் போட்டிருந்தாள். திருச்சி, சிங்கப்பூர், ஈப்போ.

"எதுக்கும்மா மூணு ஊர்?" என்று கேட்டேன்.

"எங்கப்பா செத்ததுக்கப்புறம் நெலத்த வித்துட்டாங்கக்கா. எம் பங்கு வந்துச்சு. அம்மா திருச்சிலயே ஒரு பிளாட்டு வாங்கிப் போடுங்கிறாங்க. தம்பி சிங்கப்பூர்ல வேல பாக்குறான், அவன் அந்த ஊர் வெலயச் சொல்லிப் பயமுறுத்துறான். ரூபா, டாலரு, இந்த ஊரு வெள்ளின்னு மாத்தி மாத்திப் போட்டா தல சுத்துது. அதான் எல்லாத்தயும் இவரு சம்பளத்துல எழுதிட்டேன்."

"சம்பளத்துலயா?"

"ஆமாக்கா. திருச்சில ரெண்டு ரூம் பிளாட்டு, இவரு சம்பளம் எழுவத்தஞ்சு மாசம். அதுலயும் படிக்கட்டு, வராண்டா எல்லாத்தயும் சேத்து அளந்து நம்ம தலைல கட்டுவான். சிங்கப்பூரு அறுநூறு மாசத்துக்கு மேல. அம்பது வருசம் இவரு சாப்புடாம இருக்கணும். இங்க லீசுக்கு நாப்பத்தஞ்சு மாசம். என் பணமும் இவரு சேத்து வச்சதும் போட்டா பேங்குக்கே போக வேணாம்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் விலை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மாசச் சம்பளத்தால் மூன்று நாட்டை அளந்தவளைப் பார்த்ததில்லை. கெட்டிக்காரி என்று நினைத்தேன். கெட்டிக்காரிதான். அந்தத் தாளில் எல்லாக் கணக்கும் சரி. ஒரு சொல் மட்டும் தப்பு.

அந்த வாரம் சனிக்கிழமை சரவணனையும் அழைத்துக்கொண்டு இரண்டாம் முறை வந்தாள். கூடத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, நாங்க பிளாட்டு எடுக்கப் போறோம்!" என்றாள் சத்தமாக.

சரவணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பிளாட்டுன்னு சொல்லாத லா. அப்பார்ட்மென்ட்டுன்னு சொல்லு."

"ஏன், பிளாட்டுன்னா என்னவாம்?"

"பிளாட்டுன்னா இங்க லிப்ட் இல்லாத நாலு மாடி. படியேறி முட்டி போகும். காசு இல்லாதவன் வீடு."

"எங்கூர்ல பிளாட்டுன்னாதாங்க கௌரவம்."

"அப்ப ஒங்கம்மாகிட்ட பிளாட்டுன்னு சொல்லு, எங்கம்மாகிட்ட அப்பார்ட்மென்ட்டுன்னு சொல்லு. ரெண்டு பேருக்கும் சந்தோசம்."

மூவரும் சிரித்தோம். ஒரு சொல் இப்படி முட்டிக்கொண்டபோதே, இன்னொன்றும் எங்காவது முட்டிக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சரவணன் குழாயைத் திறந்து பார்க்கப் போனார். தேன்மொழி கூடத்துச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள். ரொம்ப நேரம் அங்கேதான் நின்றாள்.

"அக்கா, இங்க ஒரு ஆணி அடிச்சு எங்கப்பா படத்த மாட்டலாம்னு இருக்கேன். வீட்டுக்காரர் ஏதும் சொல்வாரா?"

"அவரு ஆஸ்திரேலியாவுக்குப் போறாரும்மா. அங்கேருந்து என்ன சொல்லப் போறாரு?"

"அதுவும் சரிதான்," என்று சிரித்தாள்.

அவர்கள் போனபிறகு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. வீட்டை விலைக்கு வாங்குகிறவள், ஆணி அடிக்க எதற்கு வீட்டுக்காரரைக் கேட்கிறாள்? ஒருவேளை அந்த ஊர் மரியாதையாக இருக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் துடைத்தேன். முதலாளியம்மா வழக்கம்போல் கேட்டார், எங்கே நின்றார்கள், என்ன கேட்டார்கள் என்று. "கூடத்துச் சுவர்கிட்ட நின்னாங்க. பிடிச்சிருக்கு," என்று மட்டும் சொன்னேன். ஆணியைச் சொல்லவில்லை. அவள் பி.காம்., நான் ஆறாம் வகுப்பு. அவளுக்கு ஒன்று விளங்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? சொல்லி, அது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் எனக்குத்தானே வெட்கம்.

முன்பணம் கட்டும் நாள் வந்தது. ஆபீசில் அந்தப் பெரிய மேசை. ஒரு பக்கம் வாத்தியார், அந்த வாரக் கடைசியில் அவருக்கு விமானம். எதிரில் சரவணனும் தேன்மொழியும். நடுவில் முதலாளியம்மா. கட்டுகிற முன்பணம், வாங்குகிறவர் மனம் மாறினால் திரும்பி வராது. அது எல்லாருக்கும் சொல்லப்பட்டது. அதற்குப் பின்னால் வக்கீல் ஆபீஸ், அங்கே எல்லாம் இங்கிலீசில் வாசிப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், முடிந்தது. இதே வீட்டுக்கு இன்னொரு ஆள் வேறு காத்துக்கொண்டிருந்தார். நான் சாவிக் கொத்தோடு கதவோரம், தேன்மொழியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

முதலாளியம்மா சரவணனிடம் மலாயில் கேட்டார்: "லீசு இன்னும் ஐம்பத்தேழு வருடம். தெரியும்தானே?"

"தெரியும், தெரியும்," என்றார் சரவணன். மனைவி பக்கம் திரும்பி, "லீசு இன்னும் அம்பத்தேழு வருசம் இருக்கு. ஓகே லா?" என்றார்.

"அம்பத்தேழா! திருச்சில மூணு வருசத்துக்கு மேல விட மாட்டான். நம்ம காலத்துக்கும் போதுமே!" என்றாள்.

சரவணன் பேனாவை எடுத்தார். அப்போது தேன்மொழி தலையைப் பின்னால் சாய்த்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, காலி பண்றப்ப வெள்ளையடிச்சுக் குடுக்கணுமா? திருச்சில லீசு முடிஞ்சப்ப அதுக்குன்னு கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தத் திருப்பிக் குடுத்தான்."

திருப்பிக் கொடுத்தான். அந்தச் சொல்லில்தான் எனக்கு ஆணி விளங்கியது.

பேனா தாளுக்குப் பக்கத்தில் போய்விட்டது. முதலாளியம்மாவின் பேச்சை நடுவில் நிறுத்தியவள் இல்லை நான். அவர் முன்னால் உட்கார்ந்ததுகூட இல்லை. ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"துங்கு டூலு!" என்றேன். மலாயில், கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். நான் சொன்னது கத்தினமாதிரி விழுந்துவிட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளியம்மா கையை அந்தத் தாள்மேல் வைத்து மூடிக்கொண்டார்.

நான் தேன்மொழியிடம் கேட்டேன்: "அம்மாடி, லீசுன்னா என்னன்னு நெனச்சுக்கிட்டு இருக்க? எனக்குச் சொல்லு."

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? மொத்தமா ஒரு பணத்தக் குடுத்துட்டு வாடகையில்லாம இருப்போம். காலி பண்ணிச் சாவியக் குடுத்தா பணத்தத் திருப்பித் தந்துருவாங்க. எங்கூர்ல பாதிப் பேரு இப்படித்தான் இருக்காங்க. எங்கப்பா நெலத்துப் பணமாச்சே, நாளைக்கு எம் பொண்ணு கைக்குத் திரும்ப வரணும்ல? அதுக்குத்தான் மூணு ஊருக்குள்ள இதையே புடிச்சேன். திருச்சில சொந்தமா வாங்கினா பணம் செவுத்துல முடங்கிப்போகும். இங்க பாருங்க, அம்பத்தேழு வருசம் இருந்துட்டு முழுசா வாங்கிக்கலாம்."

சரவணன் முதலில் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு திருப்பிக் குடுப்பா?" என்றார்.

"வீட்டுக்காரரு."

"வீட்டுக்காரன் நாமதான் லா! நாம வெலைக்கு வாங்குறோம். நெலம் கவர்மெண்டோடது. லீசு முடிஞ்சா அது கவர்மெண்டுக்குப் போயிரும். யாரும் யாருக்கும் ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்ப எங்கப்பா பணம்?"

சரவணன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டு மாசமா லீசு லீசுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நீயும்தான லீசு லீசுன்னு சொன்ன! ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"நான் ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒரே சொல்லை இரண்டு மாதம் பேசியிருக்கிறார்கள். ஆளுக்கொரு அர்த்தத்தில்.

நான் நடந்ததை மலாயில் முதலாளியம்மாவுக்குச் சொன்னேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் தேன்மொழிக்கு விளக்கச் சொல்லி என்னிடம் நிதானமாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். லீசு வீடு கெட்ட வீடு இல்லை. இந்த ஊரில் எத்தனையோ பேர் அதில் நன்றாக இருக்கிறார்கள். விற்கலாம், வாடகைக்கு விடலாம். பணம் கட்டி வருடத்தை நீட்டிக்கொள்ளவும் மனுப் போடலாம், கிடைக்குமா, எவ்வளவு ஆகும் என்று இன்றைக்கே யாரும் சொல்ல முடியாது. வருடம் குறையக் குறைய வாங்குகிறவர் யோசிப்பார். அதனால்தான் விலை குறைவு.

சரவணன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "லயம் மாதிரிதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "தோட்டத்துல வேல இருக்குற வரைக்கும் வீடு. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

"லயத்த நீங்க விக்க முடியாது. இத விக்கலாம்," என்றேன். அதுவும் உண்மை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தேன்மொழி காசோலையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "எனக்கு ஒரு நாள் வேணும்," என்றாள். வாத்தியாருக்கு ஒரு நாள் இல்லை. காத்திருந்த ஆளுக்கு அன்று மாலையே போன் போனது, வீடு போய்விட்டது.

எல்லாரும் போனபிறகு முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். பாராட்டுவார் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"அக்கா, ஒங்களுக்கு எப்ப சந்தேகம் வந்தது?"

ஆணிக் கதையைச் சொன்னேன்.

"அது போன சனிக்கிழமை. நான் அன்னைக்கே ஒங்கள்ட்ட கேட்டேன், என்ன கேட்டாங்கன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க கூச்சப்பட்டீங்க. சரி. ஒரு நிமிசம் பிந்தியிருந்தா அந்தக் கூச்சத்துக்கு அந்தப் பொண்ணுதான் காசு கட்டியிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் அவரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். 'தெரியும்தானே' என்று இனிமேல் யாரிடமும் கேட்கக் கூடாது, தானும் கேட்கப்போவதில்லை என்றார். அப்படிக் கேட்டால் எல்லாரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். கையெழுத்துக்கு முன்னால், வாங்குகிறவர் தனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று தன் மொழியில், தன் வாயால் சொல்ல வேண்டும். கணவன் தனியாக, மனைவி தனியாக. நீங்கள் இன்று அலுத்துக்கொண்டே செய்கிறீர்களே, அந்த வழக்கம் இப்படி வந்ததுதான். எனக்கும் அன்றுமுதல் ஒரு வேலை கூடியது. பொருந்தாத கேள்வி ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுவேன். பத்தில் ஒன்பது ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும். ஒன்பது தடவை வெட்கப்பட்டிருக்கிறேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நாலைந்து மாதம் கழித்துத் தேன்மொழி மறுபடியும் வந்தாள். அதே நாட்காட்டித் தாள், மடித்த இடமெல்லாம் கிழிந்து நாடா ஒட்டியிருந்தது. மூன்று கட்டத்துக்கும் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'கடைசியில் கையில் என்ன?' திருச்சி லீசுக்குக் கீழே 'பணம்' என்று எழுதியிருந்தாள். திருச்சியில் சொந்த வீட்டுக்குக் கீழே 'வீடு, நிலத்தில் ஒரு துண்டு, ஆனால் நான் அங்கே இல்லை'. சிங்கப்பூருக்குக் கீழே, 'தம்பியும் வாங்க முடியாது, அவன் வேலை அனுமதியில் இருப்பவன். வாங்கினாலும் அங்கேயும் தொண்ணூற்றொன்பதுதான்'. ஈப்போவுக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

"இத நெரப்பத்தான் வந்தேன்," என்றாள்.

அவளுக்கு லீசு இல்லாத, நிரந்தர நிலத்தில் கட்டிய வீடுகளாகக் காட்டினோம். அவள் பணத்துக்கு எட்டியது குனோங் ராபாட்டில் ஒன்றுதான். பழைய கட்டடம். இரண்டே அறை. நாலாவது மாடி. லிப்ட் இல்லை. அந்த வாத்தியார் வீட்டைவிடச் சின்னது, விலை கொஞ்சம் கூட. சரவணன் படியேறி வந்து மூச்சு வாங்கினார்.

"கடைசில பிளாட்டுக்கே கொண்டாந்துட்டியே லா," என்றார்.

"எங்கம்மாகிட்ட சொல்ல வேண்டிய வார்த்த மாறலங்க," என்றாள் அவள்.

இந்தத் தடவை இருவரையும் தனித்தனியாகச் சொல்ல வைத்தோம். இருவரும் ஒன்றையே சொன்னார்கள்.

சாவி கொடுக்கிற அன்று நான் முன்கூட்டியே போய் வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தேன். தேன்மொழி மகளோடும் ஒரு துணிப்பையோடும் வந்தாள். பையில் அவள் அப்பா படமும், ஒரு சுத்தியலும், காகிதத்தில் மடித்த நாலைந்து ஆணியும். வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு நேராகச் சுவருக்குப் போனாள்.

"யாரையும் கேக்க வேணாம்லக்கா?"

"கேக்க வேணாம்."

பழைய காலத்துக் காங்கிரீட்டுச் சுவர். முதல் ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது தெறித்து எங்கேயோ போனது. மூன்றாவது ஏறியது, சுண்ணாம்பு பெயர்ந்து நான் துடைத்து வைத்திருந்த தரையெல்லாம் கொட்டியது. நான் பழக்கத்தில் துடைப்பத்தை எடுத்தேன்.

அவள் வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"குடுங்கக்கா," என்றாள். "இது எங்க வீட்டுக் குப்ப."